குரலாய் வந்த கலைவாணர்

ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் ஆண்டுதோறும் வருகிறது, ஓசையின்றிப் போகிறது. அன்று பள்ளிக்கு விடுமுறையில்லை, கடைத்தெருவில் தோரணமில்லை. 1957-ஆம் ஆண்டு அந்த நாளில்தான், சென்னைப் பொது மருத்துவமனையில், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கண்மூடினார். ஐம்பதைத் தொடவில்லை, நாற்பத்தெட்டே வயது. வாழ்நாளெல்லாம் நாட்டைச் சிரிக்க வைத்தவர், நாட்டை அழவைத்தது அந்த ஒரே நாள்தான்.

கோவில்பதாகையில் வாழும் நமக்கு அவரைப்பற்றி எழுத என்ன உரிமை என்று கேட்கலாம். அவர் பிறந்தது நம் பக்கமன்று, தமிழகத்தின் தென்கோடி. வாழ்ந்தது சென்னை நகரத்தின் நடுவிலே. ஏரியும் வயலும் பெருமாள் கோவிலுமாகக் கிடந்த நம் ஊருக்கும் அவருக்கும் உறவு யாது? உறவு உண்டு. அது காதுவழி வந்த உறவு.

ஆவடியை ஒட்டியது நம் ஊர். அந்த ஆவடியில்தான் அகில இந்திய வானொலி தன் ஒலிபரப்புக் கோபுரங்களை நட்டது. நம் ஊரின் பழைய தலைமுறைக்குத் திரைப்படம் என்றால், வேலை முடித்து, மாற்று வேட்டி உடுத்தி, மைல் கணக்கில் நடந்து, காசு கொடுத்துக் கொட்டகைக்குள் நுழைய வேண்டும். வானொலி அப்படியல்ல; அதுவே நடந்து வந்தது. தேநீர்க் கடைக்கு வந்தது. பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கி வழியாக ஆலமரத்தடிக்கும் வந்தது. கலைவாணரின் முகத்தைப் பார்க்கக் காசு வேண்டியிருந்தது. அவர் குரலைக் கேட்கக் காது போதுமானதாக இருந்தது. அதனால்தான் நம் பெரியவர்கள் பலர், அவரைப் பார்த்தவர்கள் என்பதைவிடக் கேட்டவர்கள் என்றே தம்மைச் சொல்லிக்கொள்வார்கள்.

குரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சிரிக்க வைப்பது எளிய வேலையா? வழுக்கி விழுந்து காட்டலாம், கோணங்கி செய்யலாம், மூஞ்சியில் மாவைப் பூசிக்கொள்ளலாம். வானொலிக்கு முன்னால் இவையெல்லாம் செல்லாக்காசு. அங்கே நிற்பது சொல் ஒன்றுதான். சொல்லில் சரக்கு இருந்தால் கேட்பவன் நிற்பான். இல்லாவிட்டால் குமிழைத் திருகிவிட்டுப் போவான். கலைவாணருக்குச் சரக்கு இருந்தது. 1956-இல் வெளிவந்த ராஜா ராணி படத்தில், சிரிப்பு எத்தனை வகை என்று அவர் சிரித்தே காட்டிய பாட்டு ஒன்று உண்டு. முகம் தெரியாமல் கேட்டாலும், எந்தச் சிரிப்பு எத்தகைய மனிதனுடையது என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் குரல் வானொலிக்கு வந்த வழி நேர்வழியன்று. சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924-இலேயே ஒலிபரப்பத் தொடங்கிற்று. பணமின்றி 1927-இல் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்றது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. கச்சேரிகள் உண்டு, சொற்பொழிவுகள் உண்டு, நாடகங்கள் உண்டு. ஆனால் 1952-இல் டாக்டர் கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானபின், திரைப்பாட்டு தரம் குறைந்த சரக்கு என்று கருதப்பட்டு, ஏறத்தாழ வாசலிலேயே நிறுத்தப்பட்டது. பாமரர் கேட்க விரும்பியதைப் பண்டிதர் கேட்கத் தகாதது என்றனர். பாமரர் சண்டைக்குப் போகவில்லை, குமிழைத் திருகினர். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி அவர்களுக்குப் பாடிற்று. பிறகு தில்லிக்கும் புத்தி வந்தது; விவித பாரதி தொடங்கிற்று. அது தொடங்கிய நாள் 1957 அக்டோபர் 3. கலைவாணர் மறைந்து 34 நாட்கள் ஆகியிருந்தன! கதவு திறந்தபோது கலைவாணர் இல்லை; அவர் குரல் மட்டும் உள்ளே நுழைந்தது.

மட்டமான சரக்கு என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது? அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

1908 நவம்பர் 29. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரி. சுடலைமுத்துப் பிள்ளை, இசக்கியம்மாள் என்ற ஏழைப் பெற்றோரின் வீட்டிலே பிறந்தார் கிருஷ்ணன். அந்நாளில் அந்த மண் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. வறுமை மிகுந்த வீட்டில் பள்ளிப்படிப்பு நீளவில்லை. நான்காம் வகுப்போடு நின்றது. பையன் நாடகக் கொட்டகையில் சோடா விற்கப் போனான். சோடா விற்கப் போனவனின் கண் மேடையில் நின்றது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேடையேற அவனுக்கு நெடுநாள் ஆகவில்லை. டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலே சேர்ந்தான். பாடக் கற்றான், ஆடக் கற்றான், பிறர் வேடத்தையும் பாடத்தையும் கேட்டே மனப்பாடம் செய்தான். தென்பாண்டி நாட்டின் வில்லுப்பாட்டோ அவனுக்குப் பிறந்த ஊர் தந்த சீர். கதையை நிறுத்தி, கேட்பவரோடு பேசி, ஒரு சிரிப்பைத் தூவி, மீண்டும் கதைக்குள் போகும் வித்தை வில்லுக்கு உரியது. பின்னாளில் அவர் திரையில் செய்ததெல்லாம் அந்த வித்தைதான்.

1935-இல் மேனகா, 1936-இல் சதி லீலாவதி. எம். ஜி. இராமச்சந்திரன் திரைக்கு வந்ததும் அந்தச் சதி லீலாவதியில்தான். அதே ஆண்டில், வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனா சென்ற வேளையில், கிருஷ்ணனின் வாழ்க்கையில் டி. ஏ. மதுரம் வந்தார். திரையில் இணை, வாழ்க்கையில் துணை. அதுவரை பெண்ணென்றால் அழுபவள் அல்லது ஆடுபவள் என்றிருந்த திரையில், கணவன் பேச்சுக்குப் பேச்சு கொடுத்து, அவனை மடக்கி, அவன் மடமையைக் கண்டு சிரிக்கும் ஒரு பெண்ணை மக்கள் கண்டனர். அந்தச் சிரிப்பிலே சமத்துவம் இருந்தது. பெண்ணை ஏளனப்படுத்திக் கைதட்டல் வாங்கும் வழக்கத்துக்கு மாறாக, பெண்ணிடம் தோற்றுக் கைதட்டல் வாங்கினார் கலைவாணர்.

அவர் ஒரு புதுமுறையும் கண்டார். படத்தின் கதை யாருடையதோ. அதனூடே வரும் நகைச்சுவைப் பகுதி அவருடையது. தம் குழுவினரோடு அதைத் தாமே கற்பனை செய்து, தாமே உருவாக்கிக் கொடுப்பார். புளிமூட்டை இராமசாமி போன்றோர் அக்குழுவில் வளர்ந்தவர்கள். பாட்டெழுத உடுமலை நாராயண கவி இருந்தார். கதையில் அரசன் இருப்பான், அரக்கன் இருப்பான், தேவலோகமும் இருக்கும். நடுவிலே கிருஷ்ணனும் மதுரமும் வந்து நம் தெருவைப்பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். புராணப் படம் பார்க்க வந்தவன் வீடு திரும்புகையில், மூடநம்பிக்கையைப்பற்றி இரண்டு வார்த்தை காதில் வாங்கிக்கொண்டு போவான். மருந்தென்று சொல்லிக் கொடுத்தால் துப்பிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். தேனில் குழைத்தே கொடுத்தார்.

புகழ் உச்சியில் நின்றபோது இடி விழுந்தது. லட்சுமிகாந்தன் என்றொருவர் ஏடு நடத்தினார். திரையுலகத்தாரின் அந்தரங்கம் என்று அவர் எழுதியதற்குச் சந்தையில் கிராக்கி இருந்தது. 1944 நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அடுத்த மாதம் கைதானவர்களில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் இருந்தனர். 1945 மே மாதம், ஜூரர்கள் குற்றவாளிகள் என்றனர்; நீதிபதி இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்ற மேல்முறையீடும் பயன்படவில்லை. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. அங்கிருந்து மறு விசாரணைக்கென்று சென்னைக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது.

இடையிலே சென்றது ஏறத்தாழ முப்பது மாதங்கள்! நேற்றுவரை மாலையிட்ட கைகள் விலகின. ஒப்பந்தங்கள் போயின, சேர்த்த பொருள் வழக்குக்கே கரைந்தது. அந்நாட்களில் அசையாது நின்றவர் மதுரம். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு அவர் நாடகக் குழுவைக் கலையாமல் காத்தார். அக்குழுவின் பைத்தியக்காரன் நாடகம் படமாகி, 1947-இல் வெளிவந்தபோது, விடுதலையாகி வந்த கலைவாணரும் அதில் தோன்றினார்.

பாகவதர் மீண்டு வந்தார். பழைய அரியணை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கலைவாணர் மீண்டு வந்தார். மக்கள் விட்ட இடத்திலிருந்து சிரிக்கத் தொடங்கினர். ஏன் இந்த வேறுபாடு என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அரியணையில் இருப்பவனுக்குத்தான் அதை இழக்கும் ஆபத்து. கலைவாணர் மக்களோடு தரையில் உட்கார்ந்திருந்தவர். அங்கிருந்து அவரைத் தள்ள இடமேது? இன்னொன்றும் உண்டு. சிறையிலிருந்து அவர் கசப்பைக் கொண்டுவரவில்லை. தம்மைக் கைவிட்டவர்மீது பழிதீர்க்கத் தம் கலையைக் கத்தியாக்கவில்லை. இழித்தும் பழித்தும் எழுதியே பிழைக்கும் எழுத்து எத்தனை குடும்பங்களைக் கெடுக்கும் என்பதை அனுபவித்தறிந்தவர், தம் சிரிப்பில் அந்த நஞ்சைக் கலக்கவில்லை. அதே 1947-இல் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்ற பட்டத்தை வழங்கினார்.

விடுதலைக்குப் பிந்திய பத்தாண்டுகள்தாம் அவர் வாழ்வின் விளைச்சல் காலம். 1949-இல் நல்லதம்பி. அறிஞர் அண்ணா திரைக்கென எழுதிய முதற்கதை அது. அவரை அழைத்து எழுதச் செய்தவர் கலைவாணர். 1948 அக்டோபர் 2-இல்தான் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்திருந்தது. சட்டத்தை அரசு போட்டது. அந்தச் சட்டம் ஏழைக் குடிசைக்கு ஏன் நல்லது என்பதை நல்லதம்பி விளக்கிற்று.

அந்தப் படத்தில்தான் கிந்தனார் காலட்சேபம். நந்தனார் கதையை நாடறியும். சிதம்பரம் காணத் துடித்த சேரி மகன். கலைவாணர் நந்தனாரைக் கேலி செய்யவில்லை. நந்தனார் கதையைக் காலத்துக்கேற்ப மாற்றினார். கிந்தனாரின் ஏக்கம் கல்வி. அவன் போக விரும்பும் தலம் பட்டணத்துப் பள்ளிக்கூடம். எல்லாச் சாதியாரும் அருகருகே உட்கார்ந்து போகும் புகைவண்டி அவனுக்குத் தேர். படித்து முடித்து, பள்ளிகளை மேற்பார்க்கும் அதிகாரியாகி, தன்னை விரட்டிய ஊருக்கே திரும்பி வருகிறான். உடுமலைக் கவிராயரின் எழுத்து, கலைவாணரின் குரல். பாகவதர்கள் சப்பளாக்கட்டையோடு செய்யும் அதே காலட்சேபம். அதே ராகம், அதே தோரணை. கேட்டவர் வயிறு குலுங்கச் சிரித்தனர். சிரித்து முடித்தபோது, பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுவது அவர்களுக்கே வெட்கமாக இருந்தது. ஆயிரம் மேடைப்பேச்சு செய்ய வேண்டியதை ஓர் இசைத்தட்டு செய்தது. அந்த இசைத்தட்டு வானொலியேறி நம் ஊர் மரத்தடிக்கும் வந்தது. சேரியும் ஊரும் தனித்தனியாய்க் கிடந்த காலத்தில், ஒலிபெருக்கியின் கீழே இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் சிரித்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டு முடித்துப் போகையில் தனித்தனி வழியாகத்தான் போனார்கள். ஆனாலும் அந்தக் கால் மணி நேரம் உண்மை.

1951-இல் அவர் இயக்கிய மணமகள் வந்தது. பத்மினி அதில் கதாநாயகி. 1952-இல் அவர் இயக்கிய பணம். கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அந்தப் படத்தில், ஓர் இயக்கத்தின் பெயரை மூன்று எழுத்தாகப் பாடி, தணிக்கை அதிகாரிகள் புருவத்தை உயர்த்துமுன், அம்மூன்றெழுத்துக்குத் திருக்குறளின் பெயரால் வேறொரு விரிவு சொல்லி அவர் தப்பிய சாமர்த்தியத்தை இன்றும் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. அதே 1951-இல் திரைத்துறைக் குழுவோடு சோவியத் நாட்டுக்கும் போய் வந்தார்.

அவர் எந்தக் கட்சி? இந்தக் கேள்வி அன்றும் எழுந்தது. அண்ணாவின் நண்பர், பெரியாரின் பகுத்தறிவை மேடையிலும் திரையிலும் பரப்பியவர். அதே மனிதர், காந்தியார் சுடப்பட்டபின், நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பினார். காந்தியாரின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். அதற்கு எழுத நெல்லைச் சீமையிலிருந்து ஓர் இளைஞரை அழைத்து வந்தார். அவர்தாம் சுப்பு ஆறுமுகம். வில்லைச் சென்னைக்குக் கொண்டுவந்த அவர் அதை வானொலியிலும் முழக்கினார். 2022-இல் மறையும்வரை அதை நாட்டுக்கு ஒலித்துக்கொண்டேயிருந்தார். கட்சி ஏட்டிலே எழுதுகிற நாமே ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி இது: கலைவாணரை யாரும் தம் பெட்டிக்குள் பூட்டிக்கொள்ள முடியாது. நல்லது எங்கே இருந்ததோ அங்கே அவர் இருந்தார்.

1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா நின்றார். எதிர்த்து நின்றவர் அவ்வூர் மக்களிடம் நற்பெயர் எடுத்த மருத்துவர். கலைவாணர் பேச வந்தார். எதிரியைத் தூற்றுவார் என்று காத்திருந்தது கூட்டம். அவரோ மருத்துவரைப் புகழத் தொடங்கினார். கைராசி என்றார், ஏழைக்கு இரங்குபவர் என்றார். கூட்டம் திகைத்தது. முடிவிலே, இவ்வளவு நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டு நோய் வந்தால் எங்கே போவீர்கள், அவரை ஊரிலே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்ற பொருள்படப் பேசி முடித்தாராம். அண்ணா வென்றார். எதிரியும் சிரித்திருப்பார்! இன்று நம் மேடைகளில், எல்லாக் கட்சி மேடைகளிலும், காதைப் பொத்திக்கொள்ளச் செய்யும் பேச்சைக் கேட்கும்போது, அந்தக் காஞ்சிக் கூட்டம் நினைவுக்கு வருகிறது.

அவர் ஈட்டியது ஏராளம், வைத்துக்கொண்டது சொற்பம். கேட்டவருக்குக் கொடுத்தார், கேட்கக் கூசியவருக்கும் குறிப்பறிந்து கொடுத்தார். நோயுற்றுக் கிடந்தபோது பார்க்க வந்த எம். ஜி. ஆர். தலைமாட்டில் நோட்டுக்கட்டை வைத்தாரென்றும், அதைச் சில்லறையாக மாற்றி வைத்தால் வருகிறவர்களுக்குக் கொடுக்க வசதியாக இருக்குமே என்று இவர் சொன்னாரென்றும் ஒரு கதை வழங்குகிறது. ஆனால் நாம் இதை வெறும் புகழ்மாலையாக்க விரும்பவில்லை. கணக்குப் பாராமல் கொடுத்தவரின் கணக்கை, அவருக்குப் பின் வீட்டிலிருந்தவர்கள்தாம் பார்க்க வேண்டியிருந்தது. வள்ளலைக் கொண்டாடும் நாடு, வள்ளலின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்க மறப்பது பழைய பழக்கம். கலைவாணரின் கடைசி நாட்களில் கையிருப்பு கரைந்திருந்தது. நோய் மட்டும் மிஞ்சியிருந்தது. தாம் பிறந்த குமரி மண் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்ததைப் பார்க்கும் பேறு மட்டும் அவருக்கு வாய்த்தது.

1969 சனவரி 14-ஆம் நாள், சென்னைத் தியாகராய நகரில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயின் பிடியிலிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே. இருபது நாளில் அவரும் மறைந்தார். 1974-இல், சென்னை அரசினர் தோட்டத்தில் இருந்த பாலர் அரங்கத்துக்குக் கலைவாணர் அரங்கம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் கூடிய கட்டடம் அது. பழையது போய், அதே பெயரில் புதிய அரங்கம் 2016-இல் எழுந்தது. கொரோனா நோய் பரவிய 2020-இலும் 2021-இலும் கோட்டையில் இடைவெளிவிட்டு உட்கார இடமில்லாமல், தமிழகச் சட்டமன்றமே அங்கே வந்து கூடிற்று. நான்காம் வகுப்போடு நின்ற சோடாக்காரப் பையனின் பெயரைத் தாங்கிய கூரையின்கீழ் நாட்டுக்குச் சட்டம் செய்தார்கள். யாரைச் சட்டமன்றத்துக்கு அனுப்புவது என்று காஞ்சியில் நயமாகச் சொன்னவரின் இல்லத்துக்கு, அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டமன்றமே வந்தது!

பெயர் இருக்கிறது, சிலை இருக்கிறது. அவருடைய சிரிப்பு இருக்கிறதா? இதுதான் நம் கவலை. இன்று கோவில்பதாகையில் ஆலமரத்தடி ஒலிபெருக்கி இல்லை. ஒவ்வோர் இளைஞனின் கையிலும் ஒரு பெட்டி. அதில் நொடிக்கொரு சிரிப்பு. எதைக்கண்டு சிரிக்கிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்தோம். கறுத்த நிறத்தைக் கண்டு, பருத்த உடலைக் கண்டு, திக்கிப் பேசும் நாவைக் கண்டு, மனைவியின் வாயடைக்கும் கணவனைக் கண்டு சிரிக்கிறான். இயலாதவனைக் கண்டு சிரிக்க ஒரு கலை வேண்டியதில்லை. அதற்குக் கல்நெஞ்சு போதும். வலியவனின் வேடத்தை, சாதியின் செருக்கை, பணத்தின் பித்தை, நம்முடைய மடமையையே கண்டு நம்மைச் சிரிக்க வைக்கத்தான் கலை வேண்டும். அதைச் செய்தவர் கலைவாணர்.

ஆகவே தோழர்களே, வரும் ஆகஸ்டு 30 அன்று மாலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கைப்பெட்டியிலேயே கிந்தனாரைத் தேடிப் போடுங்கள். படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கச் செய்யுங்கள். முதலில் அவர்கள் சிரிப்பார்கள். பிறகு, இந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று உங்களைக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்லுங்கள். கலைவாணருக்கு நாம் செய்யக்கூடிய நினைவுவிழா அதுதான்.